யார் முதலில் ஏறுவது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் இன்னும் இல்லை. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம். இராமேஸ்வரத்தில் புதிய விமான நிலையம் அமைப்பது பற்றித் தமிழக அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருக்கிறது. அது வரும்வரை நமக்கு மதுரையும் திருச்சியும் சென்னையும்தான். இராமேஸ்வரத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பாம்பன் பாலம் தாண்டி, மண்டபம், ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் என்று கார் ஓடி முடிப்பதற்குள் வயதானவர்களுக்குக் கால் மரத்துப்போய்விடும். அதற்கு மேல் செக்-இன் வரிசை, பாதுகாப்புச் சோதனை, வெளிநாடு என்றால் குடியேற்றச் சோதனை. எல்லாம் முடிந்து கேட்டில் உட்காரும் நேரத்தில்தான் இந்த அத்தியாயத்தின் விஷயம் தொடங்குகிறது.

கேட் திறக்கப்போகிறது என்ற அறிவிப்பு வருவதற்கு முன்பே பாதிப் பேர் எழுந்து நின்றுவிடுவார்கள். முதியவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், வீல்சேரில் இருப்பவர்கள் முதலில் வரலாம் என்று ஊழியர் மைக்கில் சொல்வார். அந்த அழைப்பு யாருக்காகவோ அவர்கள் எழுந்து பையைத் தேடுவதற்குள் வேறு பத்துப் பேர் போர்டிங் பாஸை நீட்டிக்கொண்டு முன்னால் நிற்பார்கள். உண்மையில் தேவையுள்ளவர் கேட்கக் கூச்சப்படுகிறார். தேவையில்லாதவர் கூசாமல் முன்னே போகிறார். இரண்டையும் மாற்றத்தான் இந்த அத்தியாயம். தேவையுள்ளவர் எப்படிக் கேட்டு வாங்குவது, மற்றவர்கள் எங்கே விட்டுக்கொடுப்பது, மறுத்தால் யாரிடம் போவது ஆகிய மூன்றையும் பார்ப்போம்.

முன்கூட்டி ஏறுகிறவர்கள் மூன்று வகை. உடலால் தேவைப்படுகிறவர்கள், காசு கொடுத்து வாங்கியவர்கள், அடிக்கடி பறப்பதற்காகவோ உயர் வகுப்பு டிக்கெட்டுக்காகவோ விமான நிறுவனம் சலுகை கொடுத்தவர்கள். இந்த மூன்றில் சட்டத்தின் பலம் முதல் வகைக்கு மட்டும்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான வியாபாரம். கேட்டில் வாக்குவாதம் வரும்போது இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் தெளிவாகப் பேசலாம்.

டிக்கெட் போடும்போதே கேளுங்கள்

மாற்றுத்திறனாளிகளையும் நடமாட்டம் குறைந்தவர்களையும் விமானத்தில் ஏற்றிச்செல்வது பற்றி சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. தனி விதி வைத்திருக்கிறது. ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஏற்ற மறுக்கக் கூடாது. புறப்படும் முனையத்திலிருந்து இறங்கும் முனையம் வரை உதவி செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது. பயணி தரப்பில் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: 48 மணி நேரத்துக்கு முன்பே தகவல் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் பெரும்பாலும் டிராவல்ஸில்தான் டிக்கெட் போடுகிறோம். கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் டிராவல்ஸ்காரர் “வீல்சேர் போடணுமா?” என்று அவராகவே கேட்பார். “போடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். விமான நிறுவனங்களின் கணினியில் வீல்சேர் கோரிக்கைக்கு மூன்று குறியீடுகள் உண்டு. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், நீண்ட தூரம் நடக்கத்தான் முடியாது என்று பொருள். டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் தன் இருக்கைவரை நடந்துவிடுவார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கைவரைக்கும் தூக்கியோ சிறு நாற்காலியில் வைத்தோ கொண்டுபோக வேண்டும்.

எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். விமானம் முனையத்தோடு பாலத்தால் இணைந்து நின்றால் பெரிய வித்தியாசம் தெரியாது. விமானம் தள்ளி நின்று, பஸ்ஸில் கொண்டுபோய்ப் படிக்கட்டில் ஏற்றினால்தான் தெரியும். முழங்கால் தேய்ந்த அம்மாவுக்கு ‘ஆர்’ போட்டிருந்தால், படிக்கட்டின் அடிவரை வீல்சேர் வரும், அதற்கு மேல் அவர் ஏறிக்கொள்வார் என்றுதான் ஊழியர் நினைப்பார். ‘எஸ்’ போட்டிருந்தால் மேலே தூக்கிச்செல்லும் ஆம்புலிஃப்ட் வண்டிக்கோ சாய்தளத்துக்கோ முன்கூட்டியே ஏற்பாடு நடக்கும். ஆகவே டிராவல்ஸ்காரரிடம், “இவங்களால பத்துப் படி ஏற முடியாது, அதுக்கு ஏத்த மாதிரி போடுங்க” என்று சொல்லுங்கள். டிக்கெட்டின் நகலில் அந்தக் குறியீடு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறுவனத்தின் எண்ணுக்குப் போன் செய்து, பி.என்.ஆர். சொல்லி உறுதிப்படுத்துங்கள். கேட்டில் நிற்கும் ஊழியருக்கு உங்கள் முகம் தெரியாது. அவர் திரையில் தெரிவது இந்தக் குறியீடுதான், முன்னுரிமையும் அதை வைத்துத்தான்.

சொந்த வீல்சேர் வைத்திருப்பவர்கள் அதில் பேட்டரி இருந்தால் எந்த வகை என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எத்தனை வாரம்வரை பயணம், எப்போது டாக்டர் சான்றிதழ் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட்டுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

புறப்படும் நாளில்

வீல்சேர் கேட்டிருப்பவர்கள் மற்றவர்களைவிட முன்னதாக வர வேண்டும். உள்நாட்டு விமானங்களுக்கு செக்-இன் கவுன்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும், கேட் பெரும்பாலும் 25 நிமிடம் முன்பும் மூடப்படும். வீல்சேர் தள்ளும் ஊழியர்கள் எண்ணிக்கை குறைவு. ஒருவரைக் கேட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்துதான் அடுத்தவரை அழைத்துப்போவார். இராமேஸ்வரத்திலிருந்து கிளம்புகிறவர்கள் கார் நேரத்தோடு இந்தக் காத்திருப்பையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

கேட்டுக்குப் போனதும் உட்காருமுன் ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: “மேடம், அம்மாவுக்கு வீல்சேர் போட்டிருக்கோம், முன்னாடி கூப்பிடும்போது நாங்க வர்றோம்.” இந்த ஒரு வாக்கியம் பெரிய வேலை செய்யும். அறிவிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வேகமாக ஓடும்போது கவனிக்காமல் விட்டாலும் அந்த ஊழியர் உங்களைத் தேடுவார். அறிவிப்பு வந்தபின் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போக வேண்டியதில்லை. ஓரமாக முன்னால் போய்ப் போர்டிங் பாஸைக் காட்டினால் போதும்.

துணைக்கு எத்தனை பேர் போகலாம் என்பதில்தான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன. ஒருமுறை வளைகுடா விமானம் ஒன்றின் கேட்டில் பார்த்தேன். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு மூதாட்டி வீல்சேரில் இருந்தார். அவரைச் சுற்றி மகன், மருமகள், பேரன்கள் எல்லோரும் பெட்டிகளோடு ஒட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். துணைக்கு ஒருவர்தான் கூடப் போகலாம் என்றார் ஊழியர். மகன் சத்தம் போட ஆரம்பித்தார். மூதாட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, “விடு வாப்பா, மருமவ மட்டும் வரட்டும், நீங்க வரிசையில வாங்க” என்றார். வீல்சேரில் இருந்தவருக்கு எது நியாயம் என்று தெரிந்திருந்தது. ஏறி உட்கார உதவி செய்கிறவர் ஒருவர், கைக்குழந்தை இருந்தால் அதை வைத்திருப்பவர் இன்னொருவர்: என் கணக்கில் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் முறை. மற்றவர்கள் தங்கள் முறை வரும்போது வரலாம். இருக்கை எண் டிக்கெட்டில் எழுதியிருக்கிறது, யாரும் எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்கள்.

வழிகாட்டிக்காக வீல்சேர்

இதைச் சொல்லத் தயங்கினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நன்றாக நடக்கிறவர்களுக்கும் வீல்சேர் போடும் பழக்கம் நம்மிடம் பெருகிவிட்டது. காரணம் சோம்பல் என்று ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் அம்மாவைத் தனியாக வரச் சொல்கிறான். அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. முதல் விமானப் பயணம். எந்தக் கேட், எந்த வரிசை, எந்தத் தாளில் கையெழுத்து என்று யார் சொல்வது? வீல்சேர் போட்டுவிட்டால் தள்ளுகிறவர் குடியேற்றச் சோதனை முதல் வெளிவாசல்வரை கொண்டுபோய் விடுவார். மகன் வாங்குவது நாற்காலியை அல்ல, ஒரு வழிகாட்டியை.

அந்தத் தேவை உண்மையானது. அதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. ‘மீட் அண்ட் அசிஸ்ட்’ என்ற சேவைக்கு விமான நிறுவனங்களின் கணினியில் எம்.ஏ.ஏ.எஸ். என்று தனிக் குறியீடு உண்டு. மொழி தெரியாதவர், முதல்முறை பறப்பவர், தனியாக வரும் முதியவர் ஆகியோரைக் கூட நடந்து அழைத்துப்போவதற்கானது அது. சில நிறுவனங்கள் இலவசமாகவும் சில கட்டணத்துக்கும் தருகின்றன. டிக்கெட் போடும்போது அதைக் கேளுங்கள். அது கிடைக்கவில்லையென்றால், இறங்கும் ஊரின் பெயரும் விமான எண்ணும் மகனின் போன் நம்பரும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு அட்டையை அம்மாவின் கையில் கொடுத்து அனுப்புங்கள். அதே விமானத்தில் நம் ஊர்க்காரர் யாராவது கட்டாயம் இருப்பார்கள். மதுரையிலேயே பேசி அறிமுகப்படுத்தி வையுங்கள்.

நடக்க முடிந்தவர் உட்கார்ந்த நாற்காலி, நடக்க முடியாதவருக்குக் கிடைக்காத நாற்காலி. 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பையில் இறங்கிய 80 வயதுப் பயணி ஒருவரும் அவர் மனைவியும் வீல்சேர் கேட்டிருந்தார்கள். கிடைத்தது ஒன்றுதான். மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டு அவர் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனைப் பகுதிக்கு வந்தவர் மயங்கி விழுந்து இறந்துபோனார். வீல்சேர் கேட்டவர்கள் மிக அதிகம், காத்திருக்கச் சொன்னோம் என்றது ஏர் இந்தியா. டி.ஜி.சி.ஏ. அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. நாற்காலிகளைப் போதுமான அளவு வைப்பது நிறுவனத்தின் கடமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் தேவையில்லாமல் ஒரு நாற்காலியைப் பிடித்துவைப்பவர், அந்தப் பெரியவரைப்போன்ற இன்னொருவரின் வரிசையை நீட்டுகிறார்.

அமெரிக்காவிலும் இதே பிரச்சினைதான். அங்கே ஏறும்போது வீல்சேரில் வந்து, இறங்கும்போது மற்றவர்களோடு நடந்துபோகிறவர்கள் அதிகமான விமானங்களை ‘அற்புத விமானம்’ என்கிறார்கள். ஆனாலும் ஊனமுள்ளவர் கேட்டிலேயே வந்து கூடுதல் நேரம் வேண்டும் என்று சொன்னால், முதலில் ஏற்றியாக வேண்டும் என்கிறது அந்நாட்டு விதி. ஏமாற்றுகிறவர்களுக்குப் பயந்து உண்மையானவர்களின் உரிமையைக் குறைக்கவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. வெளியே தெரியாத நோய்கள் உண்டு. இதய நோயாளி, மூளைவளர்ச்சிக் குறைபாடுள்ள இளைஞர், கூட்டத்தின் இரைச்சல் தாங்காத ஆட்டிசக் குழந்தை, கீமோ சிகிச்சை முடித்து வருகிறவர். இவர்களைப் பார்த்தால் நல்ல ஆளாகத்தான் தெரிவார்கள். லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2016-ல் இவர்களுக்காகச் சூரியகாந்திப் படம் போட்ட கழுத்துப்பட்டை தொடங்கினார்கள். டெல்லி உள்ளிட்ட சில இந்திய விமான நிலையங்களிலும் இப்போது அது இருக்கிறது. ஆகவே முன்னால் போகிறவரைப் பார்த்து “நல்லாத்தானே இருக்கார், எதுக்கு முன்னாடி போறார்?” என்று உரக்கக் கேட்காதீர்கள். சந்தேகம் இருந்தால் அதை விசாரிப்பது ஊழியரின் வேலை. சக பயணியை விசாரிக்கும் அதிகாரம் நமக்கு இல்லை.

பிள்ளைகளோடு போகிறவர்கள்

குழந்தை வைத்திருப்பவர்கள் முண்டியடிப்பதற்கு முக்கியமான காரணம், பிரித்து உட்காரவைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் இப்போது வேண்டாம். 12 வயதுவரையுள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் வரும் பெற்றோரில் ஒருவருக்காவது பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. டிக்கெட்டை எல்லோருக்கும் ஒரே பி.என்.ஆரில் போடுங்கள், அதுதான் முக்கியம்.

முதலில் ஏறுவது குழந்தைக்கு நல்லதுதானா என்பதையும் யோசியுங்கள். கைக்குழந்தைக்குத் தேவையான சாமான்களை எடுத்துவைத்து, பால் கொடுக்க வசதியாக உட்கார நேரம் வேண்டும் என்றால் முதலில் ஏறுவது நல்லது. ஓடியாடும் மூன்று வயதுப் பிள்ளையை முக்கால் மணி நேரம் முன்னதாக இருக்கையில் கட்டிப்போட்டால் அழுகைதான் மிஞ்சும். பெரியவர்கள் இருவர் போனால், ஒருவர் பைகளோடு முதலில் ஏறி இடத்தைச் சரிசெய்யட்டும். மற்றவர் பிள்ளையைக் கடைசிவரை வெளியே நடக்கவிட்டு, வரிசை முடியும்போது ஏறட்டும். வேலை சுலபமாக முடியும், யாருடைய முறையையும் பறிக்கவும் வேண்டாம்.

காசு கொடுத்து வாங்கும் முன்னுரிமை

இண்டிகோவில் ‘ஃபாஸ்ட் ஃபார்வர்ட்’, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் ‘எக்ஸ்பிரஸ் அஹெட்’ என்று முன்னுரிமை செக்-இன், முன்னுரிமை ஏற்றம் இரண்டையும் சேர்த்து விற்கிறார்கள். செக்-இன் வரிசையில் இதன் பலன் கண்கூடு. பெட்டிபெட்டியாகச் சாமான் போகும் வளைகுடா விமானங்களில் அந்த வரிசை ஊர்ந்துதான் நகரும். ஏறுவதில் கிடைக்கும் பலன் அவ்வளவு உறுதியில்லை. கேட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோனால் முதலில் ஏறியவர் பஸ்ஸின் உள்ளே தள்ளப்படுவார். கடைசியில் வந்து கதவோரம் நின்றவர் முதலில் இறங்கி, படிக்கட்டில் முதலில் ஏறுவார். கொடுத்த காசு தார்ச்சாலையில் கரைந்துவிடும். அன்று பஸ்ஸா பாலமா என்பது பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

முந்திக்கொள்வதன் உண்மையான காரணம் இருக்கைக்கு மேலே இருக்கும் சாமான் பெட்டிதான். ஒருவருக்கு ஒரு பை, பெரும்பாலும் 7 கிலோ என்பது கணக்கு. அந்தப் பையில் கீழக்கரைத் தொதலும், பனங்கருப்பட்டியும், முண்டு வத்தலும் அடைத்துக்கொண்டு வந்தால், கடைசியில் ஏறுகிறவருக்கு மேலே இடம் இருக்காதுதான். உடையாத, கெடாத பொருட்களைப் பதிவுப் பெட்டியில் போட்டுவிடுங்கள். மருந்து, பாஸ்போர்ட், நகை, போன், பேட்டரி, குழந்தையின் மாற்றுத்துணி இவை மட்டும் கைப்பையில் இருந்து, அந்தப் பை முன்னிருக்கைக்கு அடியில் போகும் அளவில் இருந்தால் எப்போது ஏறினாலும் உங்களுக்கு ஒன்றுதான். வரிசையில் நிற்கும் தவிப்பே போய்விடும்.

முதலில் ஏற்றினால் விமானம் சீக்கிரம் நிரம்பும் என்பதும் இல்லை. ஜேசன் ஸ்டெஃபன் என்ற அமெரிக்க வானியற்பியலாளர் 2008-ல் இதைக் கணினியில் ஆராய்ந்து கட்டுரை எழுதினார். தாமதம் நடைபாதையில் நின்று பையை மேலே வைப்பதால்தான் வருகிறது, பைவைக்கும் வேலை ஒரே நேரத்தில் பல இடங்களில் நடக்கும்படி ஆட்களைப் பரப்பி ஏற்றினால் நேரம் மிச்சம் என்பது அவர் கண்டது. யுனைடெட் நிறுவனம் 2023 அக்டோபரில் ஜன்னலோரம், நடு, நடைபாதையோரம் என்ற வரிசைக்குத் திரும்பியதும் நேரத்தை மிச்சப்படுத்தத்தான். அந்த வரிசையிலும் ஊனமுள்ளவர்களும் குழந்தையோடு வருகிறவர்களும் முதலிலேயே ஏறிவிடுகிறார்கள். அவர்கள் நிதானமாக உட்கார்ந்துவிட்டால் பின்னால் வருகிற கூட்டம் அவர்களை இடிக்காது, அவர்களும் கூட்டத்தைத் தடுக்க மாட்டார்கள். தேவைக்கான முன்னுரிமை எல்லோருக்கும் வசதியாக முடிகிறது.

யார் கண்காணிப்பது?

ரயிலில் இதற்குச் சட்டப்பிரிவே இருக்கிறது. ஒதுக்கப்பட்ட பெட்டியில் உரிமையில்லாமல் ஏறினால் ரயில்வே சட்டம் 1989-ன் 155-வது பிரிவு, பெண்கள் பெட்டியில் ஆண் ஏறினால் 162-வது பிரிவு. இரண்டிலும் 500 ரூபாய்வரை அபராதம் போடலாம், இறக்கியும் விடலாம். சேது எக்ஸ்பிரஸிலோ போட் மெயிலிலோ மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தால் 139-க்குச் சொல்லலாம், ரயில்வே பாதுகாப்புப் படை வரும்.

விமான ஏற்றத்தில் முறை தவறி முன்னால் போவதற்கு அபராதம் கிடையாது. கேட்டில் ஸ்கேனரோடு நிற்கும் ஒன்றிரண்டு ஊழியர்கள்தான் அங்கே சட்டம். விமானத்தை அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பும் அவசரத்தில் அவர்களும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது நடக்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2024-ல் ஒரு வழி கண்டது. தன் குழு எண்ணை அழைக்குமுன் ஒருவர் போர்டிங் பாஸை ஸ்கேன் செய்தால் கருவி ‘பீப்’ என்று கத்தும், ஊழியர் அவரைத் திருப்பி அனுப்புவார். அந்த ஆண்டு நவம்பரில் 100-க்கும் மேற்பட்ட விமான நிலையங்களுக்கு அதை விரிவுபடுத்தினார்கள். நம் விமான நிலையங்களிலும் இது வர வேண்டும் என்று விரும்புகிறேன். கருவிக்கு அண்ணாச்சி, தலைவர், தெரிந்தவர் என்ற பேதம் தெரியாது. சம்பளத்துக்கு நிற்கும் இளம் ஊழியர் ஒருவர், சத்தம் போடும் பயணியிடம் தனியாகத் திட்டு வாங்குவதும் குறையும்.

இந்தக் கரையில் வரிசையின் நியாயம் பற்றிப் பேசும்போது மண்டபம் முகாமை மறக்க முடியாது. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று இலங்கைக்குப் போனார்கள். 1964 டிசம்பர் புயலோடு அந்த வழி முடிந்துபோனது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன தொழிலாளர்களை இலங்கை அரசு நடத்திய மண்டபம் முகாமில் தொற்றுத்தடைக் காவலில் வைத்து, மருத்துவச் சோதனை முடித்துத்தான் கப்பலுக்கு விட்டார்கள். உயர் வகுப்பு டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு அந்த முகாம் வாசம் இல்லை. பிள்ளைகுட்டியோடு, மூட்டை முடிச்சோடு அங்கே காத்துக் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விமான நிலையக் கேட்டில் நிற்கிறார்கள். டிக்கெட்டின் விலையைப் பார்க்காமல் உடம்பின் நிலையைப் பார்த்து “நீங்கள் முதலில் வாருங்கள்” என்று சொல்லும் ஒரு விதி எழுத்தில் வந்திருக்கிறது என்றால், அதைக் காப்பாற்றும் கடமை நமக்கும் உண்டு.

மறுத்தால்

வீல்சேர் பதிவு செய்தும் வரவில்லை, முதலில் ஏற்றவில்லை, அல்லது ஏற்றவே மாட்டோம் என்கிறார்கள் என்றால் குரலை உயர்த்தாமல் இரண்டு விஷயம் கேளுங்கள். டியூட்டி மேனேஜரை வரச் சொல்லுங்கள். மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2022 மே மாதம் ராஞ்சியில் சிறப்புத் தேவையுள்ள சிறுவனை இண்டிகோ ஏற்ற மறுத்தது. நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. அதன்பின் டி.ஜி.சி.ஏ. விதியைத் திருத்தியது. பயணியின் உடல்நிலை பறக்கும்போது மோசமாகலாம் என்று நிறுவனம் கருதினால், விமான நிலைய டாக்டர் நேரில் பரிசோதித்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கேட்டில் நிற்பவர் தானாக முடிவுசெய்ய முடியாது.

நேரம், கேட் எண், ஊழியர் சொன்ன பதில், போர்டிங் பாஸ், குறியீடு அச்சான டிக்கெட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல், பிறகு மத்திய அரசின் ஏர்சேவா செயலி. அங்கும் பலன் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விமான நிறுவனத்தின் தலைமையகம் குர்கானில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம், ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வழி தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

பெருமூளை வாதம் உள்ள ஜீஜா கோஷ் 2012-ல் கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி உட்கார்ந்தபின் இறக்கிவிடப்பட்டார். அவர் விடவில்லை. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு இன்றும் நமக்குத் துணை.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டு, நேரத்துக்கு வந்தவரையே இடமில்லை என்று நிறுத்துவது வேறு. அதற்கு முன்னுரிமை ஏற்றம் வாங்கியிருந்தாலும் காப்பு இல்லை, சீக்கிரம் செக்-இன் செய்வதுதான் காப்பு. அப்படி நிறுத்தினால், முதலில் தாமாக விட்டுக்கொடுப்பவர் உண்டா என்று நிறுவனம் கேட்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் தந்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததைப்போல இரண்டு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதம் என்றால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 20,000 ரூபாய். இதையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

இறங்கும்போது

முதலில் ஏறியவர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் இறங்குவார்கள். வீல்சேரும் ஆம்புலிஃப்டும் வந்துசேர்வதற்குள் விமானம் காலியாகிவிடும். அதுவரை இருக்கையிலேயே இருக்கச் சொல்லுங்கள், தனியாகப் படியில் இறங்க முயல வேண்டாம். இறங்கும் விமான நிலையத்திலும் வீல்சேர் வேண்டும் என்பதை விமானப் பணிப்பெண்ணிடம் தரையிறங்குமுன் நினைவுபடுத்தினால், அவர் தரையில் இருப்பவர்களுக்குத் தகவல் சொல்லிவிடுவார். சென்னையிலோ துபாயிலோ இன்னொரு விமானம் மாற வேண்டியிருந்தால், இரண்டுக்கும் நடுவே குறைந்தது மூன்று மணி நேரம் இருக்கும்படி டிக்கெட் போடுங்கள். வெளியே காத்திருக்கும் பிள்ளைகளிடமும், மற்றவர்கள் வந்தபின் அரை மணி நேரம் கழித்துத்தான் அம்மா வருவார் என்று முன்பே சொல்லி வையுங்கள்.